ஊர் கொடுத்த நாலு பங்கு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஜூலை 15 அன்று கோவில்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு நடுவராக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காமராஜர் பிறந்த நாள். கல்வி வளர்ச்சி நாள் என்று எல்லாப் பள்ளியிலும் கொண்டாடுகிறார்களே, அந்த நாள். பதினான்கு பிள்ளைகள் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, ஒருத்தி கடைசியில் கண் கலங்கவும் செய்தாள். பதினான்கு பேரும் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொன்னார்கள்: ஏழைப் பிள்ளைகளுக்குக் காமராஜர் சோறு போட்டார். உண்மைதான். ஆனால் அந்தச் சோற்றுக்கு ஊர் ஊராக எத்தனை கை அரிசி போட்டது என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்த ஆசிரியர்களுக்கே முப்பது வயது, முப்பத்தைந்து வயது. அவர்களுக்கு இதை யார் சொன்னார்கள்?

அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நாடு கெட்டுப்போச்சு என்கிற பேச்சு நம் காதில் விழாத நாள் கிடையாது. பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், ரேஷன் கடை வரிசையில். இலவசம் கொடுத்தே சனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள் என்பார் ஒருவர். அரசுப் பள்ளியில் படிப்பு எங்கே இருக்கிறது என்பார் இன்னொருவர். எனக்கும் அந்தக் கவலை உண்டு. 1975-ல் ஆசிரியையாகச் சேர்ந்து, 2009-ல் தலைமையாசிரியையாக ஓய்வு பெறும் வரை முப்பத்துநாலு வருஷம் கரிசல்காட்டுக் கிராமப் பள்ளிகளிலேயே இருந்தவள் நான். பழைய காலத்து மனுஷி என்று என்னைச் சொல்வார்கள். பழையதில் காப்பாற்ற வேண்டியது நிறைய இருக்கிறது என்று நம்புகிறவள்தான் நான். ஆனால் சோம்பேறி என்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்கு ஓடின பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். நம் சனங்கள் சோம்பேறிகள் இல்லை. நடந்தது வேறு. கொடுக்கிற பழக்கத்தை அவர்கள் கையிலிருந்து எடுத்துவிட்டோம். வாங்குகிற வரிசையில் மட்டும் நிறுத்திவிட்டோம். இந்த இருபது நிமிடத்தில் சுற்றிச் சுற்றி இதையேதான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1956-ல் நமக்குப் பக்கத்தில், பாரதி பிறந்த எட்டயபுரத்தில்தான் மதிய உணவு தொடங்கியது. அப்போது அது அரசாங்கத் திட்டம்கூட இல்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து போட்ட சோறு. காமராஜர் முதலமைச்சர்; நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். ஊர் முன்வந்தால் அரசு பின்னால் நிற்கும் என்பது அவர்கள் கண்ட வழி. பிறகு அரசு மானியம் வந்தது. அப்போதும் கணக்கு எப்படி என்றால், ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்து காசு ஆகும் என்றால் ஆறு காசு அரசு தரும், நாலு காசை ஊர் போட வேண்டும். பத்தில் நாலு பங்கு. இந்த நாலு பங்கை நேயர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காட்டு ஊருக்கு நாலு காசு லேசான காரியமா? மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் இல்லை. ரொக்கம் யாரிடமும் கிடையாது. அதனால் பிடி அரிசி. வீட்டுக்கு ஒரு கலயம். உலை வைக்கும்போது அளந்த தவசத்தில் ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். பேர்தான் பிடி அரிசி. எங்கள் ஊரில் அரிசி ஏது? தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச்சோறு. கலயத்தில் விழுந்தது கம்பு, சோளம், குதிரைவாலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய வகுப்புப் பையன்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வருவார்கள். எனக்கு எட்டு வயது இருக்கும், மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டுக் கலயத்தைத் தூக்கிக் கொட்டுகிற வேலை என்னுடையது. அம்மா கம்பு இடிக்கிற நாளில் உரலுக்குப் பக்கத்திலேயே அந்தக் கலயம் இருக்கும். வாய் உடைந்த கலயம், விளிம்பில் ஒரு சில்லுப் போயிருக்கும். கை விட்டால் கீறும். அம்மா பிடியை எடுத்துப் போடும்போது கையை நன்றாக விரித்து அள்ளுவாள். அம்மா, இது எனக்கா என்று ஒருநாள் கேட்டேன். உனக்கும்தான் என்றாள். எனக்கும்தான், ஆனால் எனக்கு மட்டும் இல்லை. அது அந்த வயதிலேயே புரிந்துவிட்டது.

இப்போது ஒரு சம்பவம். இதை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன், ஏற்கெனவே கேட்டவர்கள் இருப்பீர்கள். திரும்பவும் சொல்லத்தான் வேண்டும்.

ஊருக்குக் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி இருந்தாள். வெள்ளாடு மேய்க்கிறவள். ஒரு பேரன், எங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருவான். சாக்குத் தூக்கின பையன்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், பாவம் அவளே கஞ்சிக்கு வழியில்லாதவள், அவளிடம் போய் எப்படி வாங்குவது என்பார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் யார் குடியிருந்தார்கள் என்பது நம் ஊர்களை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, இறைவணக்கம் முடிந்து நாங்கள் வரிசையில் நிற்கிறோம். அந்தக் கிழவி விறுவிறுவென்று வந்துவிட்டாள். முந்தானையில் என்னவோ முடிந்து வைத்திருக்கிறாள். வாசப்படிக்கு வெளியே நின்றுகொண்டு எங்கள் தலைமையாசிரியரைப் பார்த்துக் கேட்டாள். "ஏன் சாமி, என் வீட்ட மட்டும் தாண்டிப் போறாக? நான் என்ன செத்தா போயிட்டேன்? என் பேரனும் இங்கனதான உக்காந்து சாப்பிடுதான்? அவன் பிச்சக்காரனா?"

எங்கள் தலைமையாசிரியர் ஒன்றும் பேசவில்லை. இறங்கி வந்தார். மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள். சோளம். ஒரு படி இருக்கும். ஒரு மாதத்துப் பிடி. அதை அப்படியே கொண்டுபோய், எல்லோர் வீட்டுத் தவசமும் இருந்த அதே சாக்கில் எங்கள் கண் முன்னாலேயே கொட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறுவாரம் ஏழெட்டு வீடுகளில் கலயம் காலி. எங்கள் வீட்டிலேயே பெரியப்பா ஒரு வாய்ச்சண்டை போட்டார். தலைமையாசிரியர் எதற்கும் பதில் சொல்லவில்லை. சாக்கு மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் எல்லாத் தெருவுக்கும் போனது. ஓடைக்கு அந்தப் பக்கமும் போனது. பங்குனி வருவதற்குள் நின்ற வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட ஆரம்பித்துவிட்டன. ஆகவே, பழைய ஊர் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த ஊரில் என்னென்ன இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கிழவி கேட்டாளே, என் பேரன் பிச்சைக்காரனா என்று, அந்தக் கேள்விதான் அறுபது வருஷத்துக்கு மேலாக எனக்குள் இருக்கிறது. சோறு போட்டால் போதாது அவளுக்கு. அந்தச் சோற்றில் தன் பங்கும் இருக்க வேண்டும்.

அதே காலத்தில்தான் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். முதலாவது 1958-ல் கடம்பத்தூரில். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன; பலவற்றுக்குக் காமராஜரே வந்தார். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். கரும்பலகை, பெஞ்சு, குடிதண்ணீர்ப் பானை, சுவர்க் கடிகாரம், மணிக்குப் பதிலாகத் தட்டத் தண்டவாளத் துண்டு, சட்டை இல்லாத பிள்ளைக்குச் சட்டை. யார் எதைத் தருகிறார்கள் என்று மேடையில் வாசிப்பார்கள். எங்கள் அப்பாவிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. மாடும் வண்டியும் இருந்தது. இரண்டு நாள் கல் அடித்தார். அவர் பேரையும் வாசித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துத் தெற்குச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் என் தம்பி அதைத் தடவிக்கொண்டே போவான், இது எங்கப்பா கொண்டுவந்த கல் என்று.

இனி 1982-க்கு வருகிறேன். ஜூலை 1, திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அப்போது நான் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இருந்தேன். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த வருஷம் திரும்ப வந்தார்கள். கட்டை அடுக்கி அடுக்கி விரல் நுனியெல்லாம் மரத்துப்போன பிள்ளைகள். வருகைப் பதிவேட்டில் முன்பு சிவப்பு மையில் அடித்துவிட்ட பேர்களைக் கீழே மறுபடி எழுதினேன். ஒரு நாளில் ஆறு பேர். அதனால் சத்துணவை யாராவது குறை சொன்னால் நான் எழுந்து நின்று சண்டை போடுவேன். நலத்திட்டமே வேண்டாம் என்கிற கட்சியில் நான் இல்லை.

ஆனால் ஒன்றை அப்போது நான் கவனிக்கவில்லை. அறுபதுகளில் அமெரிக்கக் கேர் நிறுவனத்துக் கோதுமை ரவையும் மஞ்சள் சோளமாவும் வந்தபோதே கலயங்கள் ஒவ்வொன்றாக அடுப்படியை விட்டுப் போக ஆரம்பித்துவிட்டன. எண்பத்திரண்டில் ஊரின் நாலு பங்கு முழுக்கப் போனது. பத்துக்குப் பத்தும் அரசு. பாரம் இறங்கியது நல்லதுதான் என்று நானும் நினைத்தேன். இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு ஐப்பசி அடைமழையில் சத்துணவுக் கூடத்து ஓடு நாலு சரிந்து அடுப்பில் தண்ணீர் ஊற்றியது. பள்ளிக்கு எதிர்வீட்டுக்காரர் கொத்தனார். திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அண்ணாச்சி, நாலு ஓடு மாட்டித் தரணுமே என்றேன். நல்ல மனுஷர், கெட்ட எண்ணமே கிடையாது. அவர் சொன்னார்: "அதுக்கென்ன டீச்சர், யூனியன் ஆபீஸ்ல ஒரு மனு குடுங்க, கவர்மெண்டுல வந்து மாட்டுவாக." அவர் வீட்டுப் பிள்ளை இரண்டு பேர் அந்த அடுப்புச் சோற்றைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மனு கொடுத்தேன். ஓடு மாட்ட ஆள் வர மாசி ஆகிவிட்டது.

என் கவலை தொடங்கின இடம் அந்தத் திண்ணைதான். மனு என்கிற ஒரு வார்த்தை. கொத்தனார் இருக்கிறார், ஏணி இருக்கிறது, ஓடு இருக்கிறது. பள்ளிக்கூடம் மட்டும் அவருடையதாக இல்லை.

கண்மாயைப் பாருங்கள். குடிமராமத்து என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வருவது. வராத வீட்டுக்குத் தண்டம். 2017-ல் அரசு அந்தப் பேரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. சந்தோஷப்பட்டேன். எங்கள் கண்மாய்க்கு வந்தது ஜேசிபி. நாலு நாள் சத்தம், பிறகு வண்டி போய்விட்டது. வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேர் திரும்பி வந்தது, பழக்கம் திரும்பி வரவில்லை.

அப்புறம் வந்த இலவசங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கட்சி பேசவில்லை. இரண்டு பக்கமும் கொடுத்தார்கள். 2006-க்குப் பிறகு கலர் டி.வி., 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2013-ல் தீர்ப்பும் வந்தது. இலவசப் பொருள் தருவதாகச் சொல்வதைச் சட்டப்படி லஞ்சம் என்று சொல்ல முடியாது, ஆனால் நேர்மையான தேர்தலின் வேரையே அது அசைக்கிறது என்கிற கருத்தில் அந்தத் தீர்ப்பு இருந்தது. என் அளவுகோல் சின்னது. அந்தப் பொருள் வந்தபிறகு ஒரு பிள்ளை பள்ளிக்கு வருகிறதா, இல்லையா? மிதிவண்டி வந்தது, பத்தாம் வகுப்போடு நின்றிருக்கும் பெண் பிள்ளைகள் ஐந்தாறு கிலோமீட்டர் மிதித்துப் போய்ப் பன்னிரண்டு முடித்தார்கள். அது நல்ல காசு. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கினார்கள். போய்ப் பார்த்தேன், சூடான ரவா உப்புமாவும் சாம்பாரும், பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டன. அதுவும் நல்ல காசு. டி.வி. வந்தபிறகு சாயங்காலம் வாசிக்கிற பிள்ளை வாசிக்கவில்லை. அது நல்ல காசு இல்லை.

அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2003 நவம்பரில் மதுக்கடைகளை அரசே எடுத்தது. இன்று வருஷத்துக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அதில் வருமானம். ஒரு வீட்டில் புருஷன் கடைக்குக் கொண்டுபோவதையும் பெண்சாதிக்கு மகளிர் உரிமைத் தொகையாக மாதம் வருகிற ஆயிரத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் அதைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள். வந்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம். போன பக்கத்தைக் கூட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இதைப் பற்றித் தனியாக ஒருநாள் பேச வேண்டும்.

இப்போது படிப்பு. இதில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

2005-ல் என் பள்ளிக்கு ஆறாம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் நான் எழுதுவதை அச்சு மாறாமல் நோட்டில் எழுதிவிடுவான். ஒருநாள் நோட்டைக் கையில் கொடுத்து, நீ எழுதினதை வாசிப்பா என்றேன். நின்றான். முதல் எழுத்து என்ன என்றேன். நின்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது: இவன் எழுதவில்லை, வரைந்துகொண்டிருக்கிறான். ஐந்து வருஷமாக வரைந்து வரைந்தே வகுப்பு ஏறி வந்திருக்கிறான். நோட்டுத் திருத்தின எல்லோரும் அழகான கையெழுத்து என்று போட்டிருக்கிறார்கள், நானும் போட்டிருக்கிறேன்.

அவனை மதியம் மதியம் உட்கார வைத்து உயிரெழுத்திலிருந்து ஆரம்பித்தேன். ஏழெட்டு மாதத்தில் கூட்டி வாசிக்க வந்தது. அதற்குள் முழுப்பரீட்சை. ஆல் பாஸ். 2010-ல் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். நானும் கையெழுத்துப் போட்டு அவனை ஏழாம் வகுப்புக்கு அனுப்பினேன். பெயிலாக்கினால் பிள்ளை நின்றுவிடும் என்பார்கள். அது உண்மைதான், நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளையைத் தெரிந்தே மேலே தள்ளுவது கருணை என்று நான் ஒருநாளும் நம்ப மாட்டேன். பாஸ் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாஸ் போட்ட கையோடு அந்தப் பிள்ளையை யார், எந்த நேரத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லித்தருவது என்று பேரும் நேரமும் எழுதுங்கள். எழுத மாட்டேன் என்கிறோமே.

2022-ல், பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்து அறிக்கை போடுகிற ஏசர் அமைப்பு கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. நம் மாநிலத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்தது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் கொரோனாவுக்கு முன்னால், 2018-லேயே, அது நூற்றுக்கு 10 பேர்தான். தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே சொல்லித்தருகிற இல்லம் தேடிக் கல்வி வந்தது, சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 2024-ல் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதற்காக உழைத்த பெண்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் பத்தில் ஒருவர் வாசிப்பதை நாம் ஏற்றம் என்று சொல்கிற நிலையில் இருக்கிறோம். நாட்டின் சரிவு என்றால் எனக்கு இதுதான். பாலம் கட்டுகிறோம், கார் செய்து ஏற்றுமதி செய்கிறோம், எல்லாம் சரி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியை வாசிக்கவில்லை.

அந்தப் பையனை 2023-ல் மறுபடி பார்த்தேன். வீட்டுக்கே வந்தான். மெலிந்த ஆள், லோடு ஏற்றுகிற வேலை. கையில் மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பம். "டீச்சர், எம் பொண்டாட்டிக்கு இத நிரப்பித் தாங்க" என்றான். நீ வாசிப்பாயே அப்பா, நான் சொல்லித்தந்தேனே என்றேன். "விட்டுப்போச்சு டீச்சர்" என்றான். நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவன் விரலை வைத்துக் காட்டினான், அவ்வளவு துல்லியமாக. பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டேன். டவுனில், தனியார் பள்ளி, வேன் வருகிறது என்றான். அவன் சம்பாத்தியத்தில் பாதி அதற்குப் போகிறது. நம்ம பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "என்னய மாதிரி ஆயிரக் கூடாதுல்ல டீச்சர்."

அவன் பிள்ளையைச் சேர்த்திருக்கிற அந்தப் பள்ளியில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கேயும் பிள்ளைகள் வரையத்தான் செய்கின்றன, இங்கிலீஷில் வரைகின்றன. ஆனால் அதை அவனிடம் எப்படிச் சொல்வேன்? அவன் கட்டுகிற பீஸ் அவனுக்கு ஒரு உரிமை தருகிறது. மிஸ்ஸிடம் போய் ஏன் மார்க் குறைந்தது என்று கேட்கலாம். நம் பள்ளியில் ஓசியில் படிக்கிற பிள்ளையின் தகப்பன் வாசலிலேயே நின்றுவிடுகிறான். அன்று அந்தக் கிழவி ஒரு படிச் சோளத்தைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுத் தலைமையாசிரியரை நேருக்கு நேர் கேள்வி கேட்டாளே, அந்த உரிமையை இவன் மாதம் இத்தனை ரூபாய் என்று கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறான். ஊரில் வசதியுள்ளவர்கள் முதலில் போனார்கள். அப்புறம் எங்களைப் போன்ற ஆசிரியர்களின் பிள்ளைகள் போனார்கள். என் சக ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும். 2015-ல் உத்தரப் பிரதேசத்தில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நடைமுறைக்கு வரவே இல்லை. அப்படி ஒரு வழக்கம் அந்தக் காலத்திலேயே நம் ஊரில் இருந்திருந்தால் ஓடு மாட்ட மாசி ஆகியிருக்காது.

ஓய்வு பெற்றபிறகு நான் ஒன்று செய்து பார்த்தேன். சாயங்காலம் பள்ளியில் பிள்ளைகளை வாசிக்க வைப்பது. அவர்களுக்கு ஒரு கை சுண்டல். அதற்கு வீட்டுக்கு ஒரு பிடி தட்டாம்பயறு, வாரம் ஒருமுறை. கடையில் வாங்கினால் பெரிய செலவு இல்லை, நானே வாங்கிப் போடலாம். ஆனால் ஊர் போட வேண்டும் என்று நினைத்தேன். முதல் வீட்டிலேயே கேட்டார்கள், இது எந்தத் திட்டம் டீச்சர் என்று. திட்டம் இல்லை தாயி, நம்ம பிள்ளைகளுக்கு நாமே என்றேன். அப்போ கவர்மெண்டுல இதுக்கு ஒன்றும் தரலையா, ஏன் தரலை, நாம கேட்டா என்ன என்றார்கள். மறுநாள் ஒரு தம்பி வந்து மூட்டைப் பயறு தானே வாங்கித் தருவதாகவும் பள்ளி வாசலில் பேர் போட்டு ஒரு பலகை வைக்கலாமா என்றும் கேட்டான். நல்ல மனசு. வேண்டாம் தம்பி, உன் வீட்டிலிருந்தும் ஒரு பிடி போதும் என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. பதினோரு வீடு சேர்ந்தது. ஒரு வருஷம் ஓடியது, நின்றுவிட்டது. இப்போது நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்று அரசு ஒன்று நடத்துகிறது. கம்பெனிகளும் வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்களும் லட்சக்கணக்கில் தருகிறார்கள். தரட்டும், கட்டடம் எழும்பட்டும். பக்கத்து வீட்டுப் பிடி அதில் எங்கே சேர்வது என்றுதான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றி விரிவாகப் பேசத்தான் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். கிழவி கதையில் நேரம் போய்விட்டது. போகட்டும், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் சட்டப்படி அந்தக் குழு இருக்கிறது. பாதிக்கு மேல் பெற்றோர். தலைவர் ஒரு தாய். 2022-லும் 2024-லும் புதிதாக அமைத்திருக்கிறார்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதே அந்தக் குழுதான், தலைமையாசிரியர் தனியாக இல்லை. பல ஊர்களில் நோட்டு மட்டும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறது. உங்கள் வீட்டுக்கு அந்த நோட்டு வந்தால் வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். போங்கள். போய், என் பிள்ளையை என் முன்னால் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை தடுமாறுகிறதா என்று காதுக்குத் தெரியும். போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். ஒரு விளக்குமாறு, ஒரு குடம், இரண்டு வேப்பங்கன்று, எது முடியுமோ அது. கூட்டத்துக்கு வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை என்றால், என் வீட்டை ஏன் தாண்டிப் போனீர்கள் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

மீதி இரண்டு பக்கத்தை இன்னொரு நாள் கூப்பிட்டால் வாசிக்கிறேன். வணக்கம்.